ஆக்சிஜன் அலாரம் மட்டும் போதாது

மருந்துத் தயாரிப்பில் கரைப்பானின் எச்சம் தீராத தலைவலி. டைகுளோரோமீத்தேன் 600 பிபிஎம் (பத்து லட்சத்தில் 600 பங்கு), ஹெக்சேன் 290 பிபிஎம் என்று மருந்துத் தரத்துக்கான சர்வதேச அமைப்பான ஐசிஎச்சின் வழிகாட்டுதல் வரம்பு விதித்திருக்கிறது. அதற்குள் கொண்டுவர மணிக்கணக்கில் உலர்த்த வேண்டியிருக்கும்.

சூப்பர்கிரிட்டிகல் கார்பன் டை ஆக்சைடு இந்தத் தலைவலியைப் பெருமளவு தீர்க்கிறது. 31 டிகிரி செல்சியஸ், 74 பார் அழுத்தம் இரண்டையும் தாண்டினால் அது வாயுவைப் போல ஊடுருவும், திரவத்தைப் போலக் கரைக்கும். அழுத்தத்தைக் குறைத்தால் வாயுவாகப் பிரிந்துவிடும். காப்பிக்கொட்டையிலிருந்து காஃபீனைப் பிரிப்பதில் கைகண்ட முறை இது. எண்ணெய்ப்பசையுள்ள பொருள்கள் எளிதில் கரையும். முனைவுத்தன்மை மிகுந்த, அதாவது மின்னூட்டம் சீராகப் பரவாத, மருந்து மூலக்கூறுகள் அவ்வளவு எளிதில் கரையா. கொஞ்சம் எத்தனால் சேர்த்துப் பார்ப்போம். நொதித்தல் ஆலைகளின் கழிவு வாயுவையே பிடித்துப் பயன்படுத்தலாம் என்பதால் பசுமைக் கரைப்பான் என்ற பெயரும் பொருந்தும்; பம்புகள் இழுக்கும் மின்சாரத்தை மட்டும் மறந்துவிடக் கூடாது.

ஆனால் அந்தப் பெயரே ஆட்களை அசட்டையாக்கிவிடுகிறது. சோடாவில் இருக்கும் வாயுதானே என்கிறார்கள். அழுத்தம் இறங்கும் வால்வில் வெண்பனி படிந்து, உள்ளே உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) அடைத்துக்கொள்வதை அருகில் நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அடைப்பு சட்டென்று விடுபட்டால் பீறிடுவது சோடா நுரையல்ல.

அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது சத்தமில்லாத கசிவு. இந்த முறையைப் பயன்படுத்தும் பல கூடங்களில் ஆக்சிஜன் மானி மட்டுமே இருக்கிறது. அது வழக்கமாக ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்கு இறங்கினால்தான் அலறும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: காற்றில் 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்பது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த அளவு. அப்போதும் ஆக்சிஜன் சுமார் 20 சதவீதம் இருக்கும். மானி வாய் திறக்காது. இந்த வாயு மூச்சுத்திணற வைப்பதோடு நிற்பதில்லை, இரத்தத்தை அமிலமாக்கி நேரடியாகவே தாக்குகிறது. ஆகவே கார்பன் டை ஆக்சைடுக்கென்றே தனி மானி வேண்டும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான வாயு என்பதால் அதைத் தரையை ஒட்டியும் பள்ளங்களிலும் பொருத்துங்கள்.

உள்ளே ஒருவர் மயங்கிக் கிடந்தால் ஓடிப்போய்த் தூக்காதீர்கள். வடிகட்டி முகக்கவசம் இங்கே உதவாது. காற்று உருளையோடு கூடிய சுவாசக் கருவியை அணிந்தவர் மட்டுமே உள்ளே போகலாம். அந்தக் கருவி கதவுக்கு வெளியே இருக்க வேண்டும், கூடத்துக்குள் அல்ல.