ஒப்பனைக் கண்ணாடியில் நட்சத்திரம் பார்ப்பது யாரை?

புகழைத் துரத்திப் போகிறவரின் கதை எந்த மொழியில் படமானாலும் ஒப்பனை அறைக் கண்ணாடி ஒன்று அதில் வந்தே தீரும். சுற்றிவர மின்குமிழ்கள், நடுவில் களைத்த முகம். நடிகை தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நம்புகிறோம். அவள் பார்ப்பது கமராவை. தளவாடியில், அதாவது தட்டையான கண்ணாடியில், ஒளி போன பாதையாலேயே திரும்பியும் வரும். அவளுடைய கண் கமராவுக்குத் தெரிந்தால், கமராவின் வில்லை அவளுக்கும் தெரிந்தாக வேண்டும். அவளுக்குத் தன் முகம் தெரியும் இடம் கண்ணாடியில் வேறொரு பக்கத்தில் இருக்கிறது.

இந்த மயக்கத்துக்கு உளவியலில் வீனஸ் விளைவு என்று பெயர். 17ஆம் நூற்றாண்டில் ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் வரைந்த ஓவியத்தில் காதல் தெய்வமான வீனஸ் கண்ணாடியில் தன் அழகைத்தான் இரசிக்கிறாள் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். அவள் முகம் நமக்குக் கண்ணாடியில் தெரிவதால், அவள் இருக்கும் இடத்திலிருந்து தெரிவது நாம்தான். புகழின் இருட்டுப் பக்கத்தைக் காட்டும் படங்கள் கண்ணாடியை விடாமல் பிடித்திருப்பதற்கு இது நல்ல காரணம் என்பேன். தனிமையில் இருக்கிறாள் என்று காட்டும் காட்சியிலும் அவள் கண்ணுக்கு எதிரே நிற்பது பார்வையாளன்.

மட்டக்களப்பின் கூத்தூர்களான கன்னன்குடாவிலோ சீலாமுனையிலோ கூத்தாடிப் பழகிய பொடியன் ஒருவன் சினிமாவுக்காகக் கொழும்புக்கு ஓடுகிறான் என்று ஒரு குறும்படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அரங்கேற்ற இரவில் கூத்து முடியைத் (கிரீடத்தை) தலையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறான். கூத்தின் வட்டமான ஆடுகளமான வட்டக்களரியில் ஆடுகிறவனைச் சுற்றிவர இருந்து சனம் பார்க்கும். கமராவுக்கு இருப்பது ஒரே ஒரு பக்கம். அதனால் அதை எங்கே வைப்பது என்று பார்க்க அளவுநாடாவை எடுக்க வேண்டும்.

80 சென்ரிமீற்றர் அகலக் கண்ணாடி. அதன் நடுவுக்கு நேரே 1 மீற்றர் தள்ளி நடிகன். கமரா கண்ணாடித் தளத்திலிருந்து 1.5 மீற்றர் தள்ளி, நடுக்கோட்டிலிருந்து 80 சென்ரிமீற்றர் பக்கவாட்டில். கமராவிலிருந்து கண்ணாடித் தளத்துக்கு ஒரு செங்குத்துக் கோடு கீறினால் அது கண்ணாடியின் விளிம்புக்கு வெளியே விழ வேண்டும். உள்ளே விழுந்தால் கமரா தன்னையே படம் பிடித்துவிடும். இங்கே விளிம்பு 40 சென்ரிமீற்றரில் முடிகிறது, கமரா 80இல் நிற்கிறது. தப்பிவிட்டது. உதவியாளர்கள் எல்லாரும் கமராவின் பக்கத்திலேயே, அதற்குப் பின்னால் நிற்கட்டும். எதிர்ப்பக்கத்தில் வைத்த விளக்குத் தண்டும், திறந்து கிடக்கும் குசினிக் கதவும்தான் கண்ணாடிக்குள் வந்து நிற்கும். ‘பிளாக் ஸ்வான்’ (2010) போன்ற படங்களில் இப்படி வந்து விழுந்ததைக் கணினியில் அழித்தார்கள். நமக்கு அந்தச் செலவு தேவையில்லை.

இந்த அளவுகளில் நடிகனுக்கு வில்லை தெரிவது, தன் முகம் தெரியும் இடத்திலிருந்து 32 சென்ரிமீற்றர் தள்ளி. அவனைத் தன் முகத்தையே பார்க்கச் சொன்னால் படத்தில் பார்வை ஏறக்குறைய 18 பாகை விலகி, சுவரில் யாரையோ தேடுவதுபோல் இருக்கும். வில்லை தெரியும் இடத்துக்கு இரண்டு விரல் உட்புறமாகச் சின்னப் பொட்டொன்றை ஒட்டி, அதைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்ப்பவர்கள் தன்னைத்தான் பார்க்கிறான் என்று ஏற்றுக்கொள்வார்கள். பொட்டு கமராவுக்குத் தெரிந்தால், முகம் இருக்கும் உயரத்தைவிட சற்று மேலே ஏற்றிவிடலாம்.

குவியத்தில்தான் (ஃபோகஸ்) அதிகம் பேர் சறுக்குகிறார்கள். கண்ணாடி வரைக்கும் அளந்து குவியம் வைத்தால் தூசியும் கைரேகையும் பளிச்சென்று வரும், முகம் மங்கும். விம்பம் கண்ணாடிக்குப் பின்னால் 1 மீற்றரில் இருக்கிறது. ஆகவே இரண்டு தூரத்தையும் கூட்டி 2.5 மீற்றருக்கு (பக்கவாட்டையும் சேர்த்தால் 2.6) வைக்க வேண்டும். போனின் தானியங்கிக் குவியம் கண்ணாடிச் சட்டத்துக்கு ஓடிவிடும். திரையில் முகத்தைத் தொட்டுப் பிடித்துப் பூட்டிவிடுங்கள்.

மின்குமிழ்கள் இன்னொரு தொல்லை. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஒளி செக்கனுக்கு 100 தடவை ஏறி இறங்கும். ஷட்டர் 1/60 செக்கனில் இருந்தால் கறுப்புப் பட்டைகள் மெல்ல நகரும். 1/50 அல்லது 1/100 வைத்தால் நின்றுவிடும். மலிவான எல்ஈடி குமிழ்களைக் கையிலுள்ள போனால் முன்கூட்டியே பார்த்து, மினுங்குபவற்றைக் கழித்துவிடுவது நல்லது. சாதாரண கண்ணாடியில் வெள்ளிப்பூச்சு பின்பக்கம். முன்பக்கக் கண்ணாடியும் 4 வீதமளவு ஒளியைத் தெறிக்கும். அதனால் ஒவ்வொரு குமிழுக்கும் பக்கத்தில் ஒரு மங்கல் குமிழ். ஒளியைக் குறைத்தால் அது மறையும். குளிரூட்டிய அறையிலிருந்து கண்ணாடியை மார்கழி ஈரக்காற்றுக்குக் கொண்டுவந்தால் புகை படியும். அரை மணித்தியாலம் விட்டுவைக்க வேண்டும்.

ஒன்றுக்கு மேற்பட்ட கண்ணாடிகள் வரும்போது புகழின் போதை தெரிய வருகிறது. ‘ஆல் அபவுட் ஈவ்’ (1950) முடிவில் ஒரு பெண் பல மடிப்புக் கண்ணாடி முன் விருதை ஏந்தித் தலைவணங்க, அவளே கணக்கில்லாமல் பெருகுகிறாள். இரண்டு தளவாடிகளை 60 பாகையில் வைத்தால் 5 விம்பங்கள், 30இல் 11, சமாந்தரமாக நேர் எதிரே வைத்தால் முடிவில்லை. ஆனால் ஒவ்வொரு தெறிப்பிலும் பத்திலொரு பங்கு ஒளி தொலைவதால் தூரத்து விம்பங்கள் இருண்டு, கண்ணாடியிலுள்ள இரும்பினால் பச்சை தட்டும்.

அதே 1950இல் வந்த ‘சன்செட் புலவார்ட்’ ஒரு எழுத்தாளனின் பிணம் நீச்சல்குளத்தில் மிதப்பதோடு தொடங்குகிறது. அடியிலிருந்து பார்த்தால் பிணமும், அதற்கு மேலே பொலிஸாரும் படம்பிடிப்பவர்களும். கமராவைத் தண்ணீருக்குள் இறக்கவில்லை. குளத்தின் அடியில் பெரிய கண்ணாடியைப் போட்டு மேலே நின்று அதன் விம்பத்தை எடுத்தார்கள். தண்ணீருக்குள் இருந்து மேலே பார்த்தால் ஒளி முறிவினால் கரை முழுதும் 97 பாகைக் கூம்புக்குள் நெரிந்துவிடும். கண்ணாடி வழியில் ஒளி தண்ணீருக்குள் புகும்போது வளைந்தது, வெளியேறும்போது நிமிர்ந்துவிடுகிறது. வாவித் தண்ணீரில் முயல வேண்டாம், கலங்கல் இரண்டு மடங்காகத் தெரியும். சீமெந்துத் தொட்டி போதும்.

ஒரு படஇயக்குநரின் வீழ்ச்சியைச் சொல்லும் ‘காகஸ் கே பூல்’ (1959) இந்திப் படத்தில் ஒளிப்பதிவாளர் வி. கே. மூர்த்தி வெயிலையே ஸ்ரூடியோவுக்குள் கொண்டுவந்தார். வெளியே ஒரு கண்ணாடி, உள்ளே உயரத்தில் இன்னொன்று. ஊர் மண்டபத்திலும் இதைச் செய்யலாம். பக்கக் கதவுக்கு வெளியே நிலைக்கண்ணாடி, உள்ளே ஏணியில் மற்றது. அது ஒளியைக் கீழே நடிகன்மேல் இறக்கும். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதால், தொடாமல் விட்டால் 4 நிமிடத்தில் ஒளி 1 பாகை விலகும். 10 மீற்றர் தூரத்தில் அது 17 சென்ரிமீற்றர். வெளியே நிற்பவர் முதற் கண்ணாடியை ஏறக்குறைய அதில் பாதி வேகத்தில் திருப்பிக்கொண்டிருக்க, ஏணிக் கண்ணாடியின் சட்டத்துக்குள் ஒளி நின்றால் போதும், தரையில் விழுவது அசையாது. முகம் மழிக்கும் குழிவாடியை (உட்குழிந்த கண்ணாடியை) மறந்தும் எடுக்காதீர்கள், துணி பற்றிக்கொள்ளும். ஒளிக்குள் நிற்கிறவர் மேலே அண்ணாந்து பார்க்கவும் கூடாது.

ஒளிக்கற்றை கண்ணுக்குத் தெரிய காற்றில் ஏதாவது மிதக்க வேண்டும். சாம்பிராணி போட்டு, மின்விசிறியை நிறுத்தி, புகை சுருளாக இல்லாமல் பரவும் வரை இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். புகைத் துகள்கள் ஒளியை முன்பக்கமாகவே அதிகம் சிதறடிக்கும். கமராவை ஏணிக்கு எதிர்ப்பக்கத்தில், ஒளி வரும் திசையை நோக்கி வைத்தால் கற்றை கம்பிபோல் நிற்கும். ஏணிக்குக் கீழிருந்து எடுத்தால் எவ்வளவு சாம்பிராணி போட்டும் வெறும் மங்கல்தான் வரும்.