வாழைப்பழத்து டிஎன்ஏ கண்ணில் படுவது எப்படி?

வாழைப்பழத்திலிருந்து வீட்டிலேயே டிஎன்ஏ எடுக்கலாமாமே, அது கண்ணுக்குத் தெரியுமா என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். நன்றாகவே தெரியும். மைக்ரோஸ்கோப்கூட வேண்டாம்.

கனிந்த பழத்தில் பாதியை மசித்துக்கொள்ளுங்கள். அரை டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, இரண்டு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட் சேர்த்து, நுரை பொங்காமல் கலக்கி, மசித்த பழத்தில் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். மசிக்கும்போதே செல்சுவர் உடைந்துவிடும். செல்லையும் உட்கருவையும் போர்த்தியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. அதைச் சோப்பு கரைத்துவிடும். அப்புறம் வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். நன்கு குளிர்ந்த சர்ஜிகல் ஸ்பிரிட்டை, சாறு இருக்கும் டம்ளரைச் சாய்த்து, ஓரமாக மெல்ல வழியவிடுங்கள். சாறு எவ்வளவோ அவ்வளவு ஸ்பிரிட் போதும். அது நஞ்சு, சட்டென்று தீப்பிடிக்கும். பெரியவர் ஒருவர் கூடவே இருக்கட்டும், அடுப்புப் பக்கம் வேண்டாம்.

இரண்டு திரவங்களும் சந்திக்கும் இடத்தில் வெண்மையாக ஏதோ திரளும். சிறு குமிழ்கள் ஒட்டியபடி, சளி போன்ற இழைகள் மேலே எழும்பும். பல்குச்சியால் சுற்றி எடுத்துவிடலாம்.

இவ்வளவு நேரம் கரைந்திருந்தது ஏன் திடீரென்று வெளியே வருகிறது? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். டிஎன்ஏ இழையின் இருபுறமும் பாஸ்பேட்டுகள், ஒவ்வொன்றிலும் எதிர்மின்சுமை. தண்ணீர் மூலக்கூறுகள் தம் நேர்முனையை அவற்றின் பக்கம் திருப்பி மொய்த்துக்கொள்ளும். அதனால்தான் டிஎன்ஏ தண்ணீரில் கரைகிறது. உப்பிலிருந்து வந்த சோடியம் அயனிகளுக்கு நேர்மின்சுமை. அவை பாஸ்பேட்டை இறுகப் பிடித்திருக்க வேண்டியதுதானே? முடியாது. எதிரெதிர் மின்சுமைகளின் ஈர்ப்பைத் தண்ணீர் சுமார் 80-இல் ஒரு பங்காகக் குறைத்துவிடும். ஆல்கஹாலோ சுமார் 24-இல் ஒரு பங்காகத்தான் குறைக்கும். ஸ்பிரிட் கலந்ததும் சோடியத்துக்குப் பிடி கிடைத்துவிடுகிறது. மின்சுமை சமனாகிறது, தண்ணீர் விலகுகிறது, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த இழைகள் சேர்ந்து திரள்கின்றன. முதலிலேயே போட்ட உப்பு, தன் முக்கியமான வேலையைக் கடைசியில்தான் செய்கிறது!

ஓர் இழையின் தடிமன் 2 நானோமீட்டர். ஆகவே நீங்கள் பார்ப்பது எண்ணற்ற இழைகளின் திரள். முறுக்கேணி வடிவம் தெரியாது. அது சுத்தமான டிஎன்ஏவும் அல்ல, பழத்தின் பெக்டின் என்ற பசைப்பொருளும் புரதமும் கூடவே ஒட்டியிருக்கும். 1869-இல் ஜெர்மனியின் டூபிங்கனில் ஃபிரெடரிக் மீஷர் என்ற சுவிஸ் விஞ்ஞானி, காயக்கட்டுத் துணிகளின் சீழிலிருந்து இதை முதன்முதலில் பிரித்தபோது, புரதத்தை நீக்கப் பன்றி இரைப்பையிலிருந்து எடுத்த, புரதத்தைச் செரிக்கும் பெப்சின் என்ற நொதியைப் பயன்படுத்தினார்.

“இயற்கைப் பழத்தில் மரபணு கிடையாது, ஒட்டுப் பழத்தில்தான் உண்டு” என்று படித்தவர்களே நம்புவதைப் பார்க்கிறேன். மரபணு என்பது டிஎன்ஏவின் ஒரு பகுதிதான். பூவனோ ரஸ்தாளியோ, செல்லுக்கு 33 குரோமோசோம்கள், அதாவது டிஎன்ஏ சுருண்டிருக்கும் பொதிகள், இருக்கின்றன. பதினொன்று கொண்ட தொகுதிகள் மூன்று. விதை இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். இந்தச் சோதனையை எட்டாம் வகுப்பிலேயே பிள்ளைகள் கையால் செய்ய வேண்டும். ஸ்மார்ட் வகுப்பறைத் திரைக்குக் கிடைக்கிற பணம், சோதனைக்குழாய் வாங்கக் கிடைக்காதது எனக்குச் சரியாகப் படவில்லை.

இழைகளைக் குச்சியோடு காற்றில் சற்று உலரவிட்டு, உப்பில்லாத நல்ல தண்ணீரில் விட்டுப் பாருங்கள். ஆல்கஹால் போய்த் தண்ணீர் திரும்பியதும், டிஎன்ஏ மெல்ல மறுபடி கரையத் தொடங்கும். ஆய்வுக்கூடங்களில் டிஎன்ஏவைத் திரட்டி எடுத்து, பிறகு கரைத்து வைத்துக்கொள்வதும் இதே முறையில்தான்.