ஒலித்தடை: சொல் வந்த வழியும் தமிழில் அதற்குரிய சொல்லும்

'ஒலித்தடையை உடைத்துக்கொண்டு சீறிப் பாய்ந்த போர் விமானம்' என்ற மாதிரி வரிகள் செய்திகளில் அடிக்கடி வருகின்றன. படிக்கும்போது கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'ஒலித்தடை' என்று தனியாகச் சொல்லிப் பாருங்கள். ஒலிக்குத் தடை என்றுதான் முதலில் பொருள்படும். நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டிச் சத்தம் வீடுகளுக்குள் வராமல் எழுப்பும் தடுப்புச் சுவருக்கு அது பொருந்தும். விமானத்துறையில் பேசப்படும் தடையோ ஒலிக்கானது இல்லை, விமானத்துக்கானது. ஒலியின் வேகத்தை நெருங்கும் விமானத்தின் முன்னால் ஒரு தடை நிற்கிறது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் பெயர்தான் இது. ஆங்கிலத்தில் 'சவுண்ட் பேரியர்'. அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியபோது தமிழில் குழப்பம் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலச் சொல்லே ஒரு குழப்பத்தில் பிறந்ததுதான்.

1935இல் இங்கிலாந்தின் டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஹில்டன் என்ற காற்றியக்கவியல் ஆய்வாளர் அதிவேகக் காற்றுச் சுரங்கத்தில் இறக்கை வடிவங்களைச் சோதித்துக்கொண்டிருந்தார். பார்க்க வந்த பத்திரிகையாளரிடம் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கிடைக்கோட்டில் வேகம், செங்குத்தில் காற்றின் எதிர்ப்பு. வேகம் கூடக் கூட மெல்ல ஏறிவந்த கோடு ஒலியின் வேகத்தை நெருங்கும் இடத்தில் செங்குத்தாக எழும்பியிருந்தது. எதிர்ப்பு இந்த இடத்தில் ஒரு தடுப்பு போல எழுகிறது பாருங்கள் என்ற பொருளில் அவர் விளக்கினார். பத்திரிகைகளில் 'போல' காணாமல் போய், தடுப்பு மட்டும் நிலைத்துவிட்டது. ஒரு கோட்டின் வடிவத்தைச் சொல்ல வந்த உவமை, வானத்தில் எழுந்து நிற்கும் சுவராக மாறியது இப்படித்தான்.

பத்திரிகைகளை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அப்போது கையில் இருந்த கணிதமும் சுவரைத்தான் காட்டியது. பிராண்டல், கிளாவர்ட் என்ற காற்றியக்கவியல் அறிஞர்கள் இருவரின் பெயரால் அறியப்படும் ஒரு திருத்தக் காரணி, இறக்கை மீதான காற்றழுத்தக் கணக்குக்கானது, உண்டு. விமானத்தின் வேகத்தை ஒலியின் வேகத்தால் வகுத்து, அந்த எண்ணின் வர்க்கத்தை ஒன்றிலிருந்து கழித்து, வர்க்கமூலம் எடுத்து, அதைப் பின்னத்தின் பகுதியில், அதாவது கீழ் எண்ணாக, வைப்பார்கள். விமானம் ஒலியின் வேகத்தைத் தொடும்போது பகுதி சுழியமாகிவிடும், விடை எல்லையின்றி விரியும். சமன்பாடு அங்கே செல்லாது என்பதே அதன் பொருள். அதைத் தாண்டவே முடியாது என்று சிலர் படித்துக்கொண்டார்கள்.

உண்மையில் நடப்பது என்ன? விமானம் ஒலியின் வேகத்தில் முக்கால் பங்கு, எண்பது சதவீதம் என்று போகும்போதே, இறக்கையின் வளைந்த மேற்பரப்பில் வழுக்கும் காற்று விமானத்தை விட வேகமாக ஓடி ஒலிவேகத்தைத் தாண்டிவிடும். அந்த இடத்தில் அதிர்ச்சி அலை ஒன்று, அதாவது காற்றழுத்தம் திடீரென எகிறும் ஒரு மெல்லிய அடுக்கு, உருவாகும். அதன் பின்னால் காற்றோட்டம் இறக்கையை விட்டுப் பிரிந்து கலங்கும். தூக்குவிசை குறையும், எதிர்ப்பு எகிறும், வால் குலுங்கும், மூக்கு தானாகக் கீழே கவியும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் பி-38 விமானிகள் செங்குத்தாகப் பாயும்போது இதை நேரில் அனுபவித்தார்கள். மூக்கை நிமிர்த்தக் கட்டுப்பாட்டுக் கோலை எவ்வளவு இழுத்தாலும் அசையாது. காற்று அடர்ந்திருக்கும் தாழ்வான உயரத்துக்கு வந்த பிறகுதான் பிடி கிடைக்கும், அதுவரை விமானம் தாங்கினால். 1941 நவம்பரில் அந்த விமானத்தின் பாய்ச்சல் சோதனை ஒன்றில் வால் ஒடிந்து சோதனை விமானி ரால்ஃப் விர்டன் இறந்தார். பிற்பாடு இறக்கைக்கு அடியில் சிறு மடிப்புத் தகடுகள் பொருத்தி அந்த விமானத்தைச் சமாளித்தார்கள். 1946 செப்டம்பரில் பிரிட்டனில் டி ஹாவிலண்ட் நிறுவனரின் மகன் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட், வாலில்லாத டி.எச்.108 விமானம் வானிலேயே சிதறி தேம்ஸ் முகத்துவாரப் பகுதியில் உயிரிழந்தார். இப்படி உயிர்கள் போகப் போக 'தடை' என்ற சொல்லுக்கு எடை கூடியது. பயம் கற்பனையில்லை, பயத்துக்குக் கொடுத்த பெயர்தான் தவறு.

ஆய்வகத்தில் இதை அலசிப் பார்க்கவும் வழியில்லை. அன்றைய காற்றுச் சுரங்கங்களில் ஒலிவேகத்தை ஒட்டிய வேகங்களில் காற்றோட்டமே அடைத்துக்கொள்ளும். அதற்குக் கீழேயும் மேலேயும் அளக்கலாம், நடுவில் மட்டும் எண்களே கிடைக்காது. அளவீட்டில் இருந்த அந்த இடைவெளியும் சுவர் மாதிரிதான் தோன்றியது. அப்போதுதான் வானத்தையே ஆய்வகமாக்குவது என்று அமெரிக்க ராணுவ விமானப்படையும் அந்நாட்டின் வானூர்தி ஆய்வுக் குழுவும் முடிவெடுத்தன. ராணுவத்துக்கு வேகமான போர் விமானம் வேண்டும், ஆய்வாளர்களுக்கு எண்கள் வேண்டும். 1945 மார்ச்சில் பெல் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் போனது. பிறந்தது எக்ஸ்-1. சண்டைக்கு இல்லாமல் தெரிந்துகொள்வதற்காகவே கட்டப்பட்ட விமானம். ராணுவப் பறப்புச் சோதனையின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது.

அதன் உடலுக்கு எடுத்துக்கொண்ட மாதிரி துப்பாக்கித் தோட்டா. ஒலியை மிஞ்சிய வேகத்திலும் 12.7 மி.மீ. தோட்டா தடுமாறாமல் போகிறது என்பது முன்பே தெரியும். அதாவது 'தாண்ட முடியாத தடை' என்று பேசிய காலத்திலேயே தோட்டாக்கள் அதை நாள்தோறும் தாண்டிக்கொண்டிருந்தன. ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டும் தாண்டியாயிற்று. விமானத்தால் முடியுமா, உள்ளே இருக்கும் மனிதர் விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

விடை 1947 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் மியூராக் பாலைவனத் தளத்தில் கிடைத்தது. தளத்தை ஒட்டிய வறண்ட ஏரிப்படுகையே ஓடுதளம். எக்ஸ்-1இல் ஆல்கஹாலும் திரவ ஆக்சிஜனும் எரியும் ராக்கெட் எஞ்சின், நான்கு எரியறைகள், ஒவ்வொன்றையும் தனித்தனியாக மூட்டலாம். எரிபொருள் சில நிமிடங்களுக்குத்தான் என்பதால் தரையிலிருந்து கிளப்பாமல் பி-29 குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றில் கட்டித் தூக்கிப்போய், சுமார் 6,000 மீட்டர் உயரத்தில் விட்டுவிடுவார்கள். விமானி 24 வயது சக் யேகர்.

சோதனைகளை ஒரேயடியாகச் செய்யவில்லை. ஒவ்வொரு பறப்பிலும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பதிவான எண்களைப் பார்த்து, அடுத்ததுக்குப் போனார்கள். ஒலிவேகத்தில் 94 சதவீதத்தைத் தொட்ட பறப்பில் யேகர் கோலை இழுத்தார். மூக்கு எழவில்லை. வாலின் கிடைத்தகட்டில், அசையும் பின்பாகம் கீலில் சேரும் இடத்திலேயே அதிர்ச்சி அலை உட்கார்ந்துவிட்டது. உயர்த்தி எனப்படும் அந்த அசையும் பின்பாகம் செத்துப்போனது. பறப்புச் சோதனைப் பொறியாளர் ஜாக் ரிட்லி யோசித்தார்: உயர்த்தி வேலை செய்யவில்லை என்றால் கிடைத்தகடு முழுவதையும் சாய்த்தால் என்ன? தகட்டைச் சிறிது சாய்க்கும் ஏற்பாடு எக்ஸ்-1இல் முன்பே இருந்தது. அதை வைத்துச் சோதித்தார்கள், பிடி கிடைத்தது. சுவர் இடிந்த தருணம் ஒன்று உண்டென்றால் என் கணக்கில் அது இதுதான்.

அப்புறம் அக்டோபர் 14. இரண்டு நாள் முன்பு குதிரையிலிருந்து விழுந்து யேகருக்கு இரண்டு விலா எலும்புகள் முறிந்திருந்தன. மேலதிகாரிகளுக்குத் தெரிந்தால் பறக்க விடமாட்டார்கள். வலது கையால் கதவுப் பூட்டை அழுத்த முடியாது என்பதால், ரிட்லி ஒரு துடைப்பக் கட்டையை அறுத்துத் துண்டாகக் கொடுத்தார். அதை இடது கையில் நெம்புகோலாகப் பிடித்துக் கதவைச் சாத்திக்கொண்டார் யேகர். வேகம் ஏற ஏற விமானம் குலுங்கியது. வேகமானியில் ஒலிவேகத்தைக் குறிக்கும் 1.0க்கு மேல் அளவே குறிக்கப்படவில்லை. முள் ஆடி, ஒரே தாவலில் அளவுக்கு வெளியே போனது. குலுக்கல் நின்றுவிட்டது. சுமார் 13,000 மீட்டர் உயரத்தில் மாக் 1.06, அதாவது ஒலிவேகத்தைப் போல 1.06 மடங்கு. மோதவும் இல்லை, எதுவும் உடையவும் இல்லை. (அதே மாதத்தில் ஜார்ஜ் வெல்ச் என்ற சோதனை விமானி எக்ஸ்பி-86 விமானத்தில் பாய்ந்து முந்திக்கொண்டார் என்றொரு பேச்சு உண்டு. கருவிகளின் பதிவோடு உறுதியான முதல் சமதளப் பறப்பு யேகருடையதுதான்.) செய்தியை ரகசியமாக வைத்தார்கள். டிசம்பரில் ஒரு விமானத்துறைப் பத்திரிகை போட்டு உடைத்தது. 1948இல்தான் அரசு ஒப்புக்கொண்டது. முழுவதும் அசையும் வால் என்ற பாடம் அடுத்து எஃப்-86இ போர் விமானத்தில் ஏறியது.

மாக் என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். பறக்கும் தோட்டாவைச் சுற்றி எழும் அதிர்ச்சி அலைகளின் படங்களை 1887இல் வெளியிட்ட இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக்கின் பெயர் அது. பெயரை 1929இல் சூட்டியவர் சுவிட்சர்லாந்தின் யாக்கோப் அக்கரெட். மாக் 1 என்றால் அந்த இடத்தில் ஒலி போகும் வேகம். கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்தில் மணிக்குச் சுமார் 1,225 கி.மீ., குளிர்ந்த 11 கி.மீ. உயரத்தில் சுமார் 1,060 கி.மீ. காற்றின் வெப்பம் மாறினால் அளவும் மாறும். ஆகவே தடையாக நிற்க நிலையான இடம்கூட அதற்குக் கிடையாது. மாக் எண் என்பதை அப்படியே வைத்துக்கொள்வது நல்லது, ஆள் பெயரைத் தமிழாக்க வேண்டியதில்லை.

'உடைத்தல்' என்ற வினை செய்யும் கெடுதல் இன்னும் பெரியது. எதையோ உடைக்கும் அந்த ஒரு கணத்தில்தான் 'டமார்' என்று சத்தம் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஒலியை மிஞ்சி ஓடும் வரையில் விமானம் அதிர்ச்சி அலையை இழுத்துக்கொண்டே போகிறது, படகு தன் பின்னால் அலையை இழுத்துப் போவது போல. அலை நம்மைக் கடக்கும்போது நமக்கு ஒரு முறை கேட்கும், அடுத்த ஊருக்கு அது போகும்போது அங்கே கேட்கும். காங்கார்டு பயணிகள் விமானம் கடலுக்கு மேல் மட்டும் அந்த வேகத்தில் பறந்ததற்குக் காரணம் இதுதான். 2020 மே 20 அன்று பெங்களூரு நகரமே ஒரு பெரிய சத்தத்தில் திடுக்கிட்டது நினைவிருக்கும். விமானப்படையின் சோதனை நிறுவனத்து விமானம் ஒலியை மிஞ்சிய வேகத்தில் நகருக்கு வெளியே பறந்து, 36,000 முதல் 40,000 அடி உயரத்தில் வேகத்தைக் குறைத்தபோது எழுந்த சத்தமாக இருக்கலாம் என்று விளக்கம் வந்தது. 65, 80 கி.மீ. தள்ளிப் பறந்தாலும் கேட்கும் என்றும் சொன்னார்கள். இன்னொன்று: விமானத்தைச் சுற்றி வெள்ளைப் பாவாடை விரிந்த மாதிரிப் படம் போட்டு 'ஒலித்தடையை உடைக்கும் காட்சி' என்று எழுதுவது. அது ஈரக்காற்றில் நீராவி குளிர்ந்து நுண்துளிகளாகித் தெரியும் மேகம். மாக் 1ஐத் தொடாத விமானத்தைச் சுற்றியும் வரும்.

சரி, தமிழில் எப்படிச் சொல்லலாம்? 1930கள், 40களின் அந்த அச்சத்தைப் பற்றி எழுதும்போது 'ஒலிவேகத் தடை' என்று எழுதலாம். ஒலி என்பதோடு வேகம் சேர்ந்ததுமே பாதித் தெளிவு வந்துவிடுகிறது. இன்றைய விமானத்தைப் பற்றி எழுதும்போது தடையே வேண்டாம். 'ஒலியின் வேகத்தை மிஞ்சியது', 'ஒலிவேகத்தைக் கடந்தது' என்றால் போதும். நம் மொழியில் வேகத்தை யாரும் உடைப்பதில்லை; மிஞ்சுகிறோம், முந்துகிறோம், தாண்டுகிறோம்.

சூப்பர்சானிக் என்பதற்கு 'மீயொலி' என்று எழுதுவதிலும் ஒரு சிக்கல். பள்ளிப் பாடநூல்களில் மீயொலி என்பது காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலி, அதாவது ஸ்கேன் எடுக்கப் பயன்படுவது. அது ஒலியின் வகை, இது விமானத்தின் வேகம். 'மீயொலி வேகம்' என்று வேகத்தைச் சேர்த்தே எழுதினால் தப்பலாம். நான் 'ஒலிமிஞ்சு வேகம்' என்று எழுதுவதையே விரும்புகிறேன், பார்த்த உடனே புரிகிறது. மாக் 1ஐ ஒட்டிய குலுக்கல் பகுதிக்கு 'ஒலிவேக அண்மை'. சானிக் பூம் என்பதற்கு 'ஒலி வெடிப்பு' வேண்டாம், அங்கே எதுவும் வெடிப்பதில்லை. 'அதிர்வு முழக்கம்' பொருத்தம். இடிக்கும் பறைக்கும் முழங்குவது பழக்கம்தானே.

பயன்படுத்திக் காட்டினால் இப்படி வரும்: ஜெர்மானியப் பொறியாளர் கர்ட் டாங்க் வடிவமைப்பில் 1961இல் பறந்த இந்தியாவின் மாருத், மாக் 2ஐ எண்ணி உருவான போர் விமானம். ஏற்ற எஞ்சின் கிடைக்காததால் ஒலிவேகத்தைத் தொடவே திணறியது. 2001 ஜனவரியில் முதன்முதலாகப் பறந்த தேஜஸ், 2003 ஆகஸ்டில் சோதனைப் பறப்பில் ஒலிவேகத்தைக் கடந்தது.