நகரத்துச் சூட்டைத் தீர்மானிக்கும் இலைத்துளைகள்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் கட்டடமும் சாலையும் மூடிக்கிடக்கும் இடங்கள், பக்கத்தில் மரம் செடி உள்ள நிலத்தைவிடப் பகலில் சராசரியாக 3.3 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சுடுகின்றன. அட்லாண்டாவில் இந்த வித்தியாசம் 2 டிகிரி. இதில் யாருக்கும் ஆச்சரியம் இருக்காது. ஆனால் அதே ஆய்வில் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரத்துக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அங்கே நகரம்தான் குளிர்ச்சி. சுற்றிலும் உள்ள புதர்க்காட்டைவிட 2.2 டிகிரி குறைவு.

2015இல் வெளியான இந்த ஆய்வை நடத்தியவர்கள், நாசாவின் கோடார்ட் விண்வெளி மையத்தைச் சேர்ந்த லஹுவாரி பூனுவாவும் அவருடைய குழுவினரும். கான்கிரீட் எல்லா ஊரிலும் கான்கிரீட்தான், தார் எல்லா ஊரிலும் தார்தான். அப்புறம் ஏன் ஓர் ஊர் சுடுகிறது, இன்னோர் ஊர் ஆறுகிறது? இதற்கு விடை தேட நாம் கட்டடங்களை விட்டுவிட்டு இலையிடம் போக வேண்டும்.

இலையின் பரப்பில், பெரும்பாலும் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளமாக உண்டு. கார்பன் டை ஆக்சைடு உள்ளே போவதற்காகச் செடி அவற்றைத் திறக்கிறது. திறந்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறும். அதைத் தவிர்க்க முடியாது. உணவு வேண்டுமென்றால் தண்ணீரை இழந்தே ஆக வேண்டும். வேர் உறிஞ்சும் நீரில் பெரும்பகுதி இப்படியே காற்றில் கலந்துவிடுகிறது.

செடிக்கு நஷ்டமாகத் தெரியும் இதுதான் நமக்குக் குளிர்ச்சி. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் வெப்பம் தேவை. 1,000 வாட் இஸ்திரிப்பெட்டி நிறுத்தாமல் 40 நிமிடம் ஓடினால் ஆகும் செலவு அது. நன்றாக வளர்ந்த ஒரு மரம், வேருக்குத் தண்ணீர் கிடைத்தால், ஒரே நாளில் 100 லிட்டருக்கு மேல்கூட வெளியேற்றக்கூடும். அந்த ஆற்றல் முழுவதும் வெயிலிலிருந்து வருகிறது. நீரை ஆவியாக்கப் போன வெயில் தரையைச் சுடவைக்காது. மரத்தடிக் குளிர்ச்சி என்றால் நமக்கு நிழல்தான் நினைவுக்கு வரும். நிழலும் உண்மைதான், ஆனால் ஒரு பகுதி முழுவதற்கும் வெப்பநிலையை இறக்குவதில் இந்த நீராவிக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

அந்த மரங்களை வெட்டித் தார் போட்டால் என்ன ஆகும்? அதே வெயில்தான் விழுகிறது, செலவழிக்கத் தண்ணீர் இல்லை. மழை பெய்தாலும் பயன் குறைவு. தண்ணீரை உறிஞ்சாத இத்தகைய பரப்பில் விழும் மழையில் 12 சதவீதம் உடனே வழிந்தோடிவிடுகிறது என்று பூனுவா குழு கணக்கிட்டது. செடிகொடி உள்ள நிலத்தில் அது 3.2 சதவீதம் மட்டுமே. வழிந்தோடிய தண்ணீர் மறுநாள் வெயிலுக்கு உதவாது. மழைநீர் வடிகால் துறையும் நகரத்து வெப்பமும் வேறு வேறு விஷயங்கள் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு நுணுக்கமாக அமெரிக்கப் பெருநிலப்பரப்பு முழுவதையும் எப்படி அளந்தார்கள்? இரண்டு வகைச் செயற்கைக்கோள் தரவுகளைச் சேர்த்தார்கள். லேண்ட்சாட் 7 தரையை 30 மீட்டர் கட்டங்களாகப் பார்த்தது. எது சாலை, எது தோப்பு என்று பிரித்தறிய அது போதுமானதாக இருந்தது. ஆனால் ஓர் இடத்துக்கு அது திரும்பி வர 16 நாள் ஆனது. டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவியின் படம் அவ்வளவு கூர்மையில்லை, ஆனால் அநேகமாகத் தினமும் கிடைக்கும். இலைகள் தளிர்ப்பதையும் உதிர்வதையும் அதில் தொடரலாம். இந்த இரண்டையும் ஒரு கணினி மாதிரிக்குள் கொடுத்தார்கள். வெயில், மழை, மண்ணின் ஈரம், இலைத்துளை திறந்திருக்கும் அளவு ஆகியவற்றைச் சேர்த்துத் தரையின் வெப்பநிலையைக் கணிக்கும் மாதிரி அது.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். இந்த எண்கள் தரைப்பரப்பின் வெப்பநிலை. வானிலை அறிக்கையில் கேட்பது காற்றின் வெப்பநிலை. இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதப்படும் செய்திகள் நிறைய வருகின்றன.

அமெரிக்கப் பெருநிலப்பரப்பு முழுவதற்கும் சராசரி எடுத்தால், கோடையில் கட்டடமும் சாலையும் மூடிய பரப்பு சுற்றுப்புறத்தைவிட 1.9 டிகிரி கூடுதல் சூடு. இது உலகளாவிய வெப்பமயமாதலோடு சேர்ந்த கணக்கு அல்ல, அதன்மேல் தனியாக ஏறும் சுமை. நிலத்தை மாற்றியதற்கான விலை இது. இன்னொரு கணக்கும் உண்டு: அமெரிக்க நிலத்தில் நகரங்கள் பிடித்திருப்பது 1.1 சதவீதம்தான். ஆனால் அதனால், செடிகள் காற்றிலிருந்து எடுக்கும் கார்பனில் ஏற்பட்ட இழப்பு, நாட்டின் பெருநிலப்பரப்பு மொத்தத்தில் 1.8 சதவீதம். வளமான இடங்களாகப் பார்த்துத்தானே மனிதர்கள் ஊர் அமைத்தார்கள்.

சரி, ஃபீனிக்ஸுக்கு வருவோம். அது சோனோரா பாலைவனத்துக்குள் இருக்கும் நகரம். வெளியே மண்ணும் பாறையும், இடையிடையே புதர்களும்தான். அந்தப் புதர்கள் தண்ணீரைச் சிக்கனமாகப் பிடித்துவைத்துப் பிழைப்பவை. வெயில் ஏறினால் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். நகரத்துக்குள் புல்வெளிகளுக்கும் மரங்களுக்கும் தண்ணீர் பாய்கிறது. ஆகவே நீராவி வெளியேறுவது நகரத்துக்குள்தான். வாஷிங்டன் காட்டை அழித்து எழுந்தது, ஃபீனிக்ஸ் பாலைவனத்துக்குள் தண்ணீரைக் கொண்டுவந்தது. முன்பு அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதுதான் வித்தியாசத்தின் அடையாளத்தையே, கூடுதலா குறைவா என்பதையே, மாற்றுகிறது.

இதைப் படித்துவிட்டு ஃபீனிக்ஸ் தப்பித்தது என்று நினைத்தால் பெரிய தவறு. 2023 ஜூன் 30 தொடங்கி 31 நாள் இடைவிடாமல் அங்கே பகல் வெப்பநிலை 43.3 டிகிரியைத் தொட்டது அல்லது தாண்டியது. அந்த ஜூலையில் ஓர் இரவு வெப்பநிலை 36 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. அந்த ஆண்டு மட்டும் ஃபீனிக்ஸ் இருக்கும் மாரிகோபா கவுண்டியில் வெப்பம் தொடர்பான சாவுகள் 645. பகலில் பாலைவனத்தைவிடக் குளிர்ச்சி என்பதால் அது குளிர்ச்சியான ஊர் ஆகிவிடாது. இரவு கதை வேறு: பகல் முழுதும் வெப்பத்தைச் சேமித்த சுவரும் சாலையும் விடியும்வரை அதை விட்டுக்கொண்டே இருக்கும். இருட்டியபின் பெரும்பாலான செடிகள் துளைகளை மூடிவிடுவதால் அந்த உதவியும் இல்லை. உடம்பு தேறுவதற்கான நேரம் இரவுதான். அதுவும் கிடைக்காமல் போகும்போது முதலில் விழுபவர்கள் முதியோர், வீடில்லாதவர், ஏசி வாங்க வழியில்லாதவர்.

அந்தப் பகல் குளிர்ச்சிக்கும் தண்ணீர் வேண்டும். ஃபீனிக்ஸ் பருகும் நீரில் ஒரு பங்கு கொலராடோ ஆற்றிலிருந்து நெடுங்கால்வாய் வழியாக வருகிறது. 2021 ஆகஸ்டில் அந்த ஆற்றுக்கு முதன்முறையாகத் தண்ணீர்ப் பற்றாக்குறை அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. 2022 முதல் அரிசோனாவின் பங்கு குறைக்கப்பட்டது. எந்த மரம், எத்தனை மரம் என்பதே நகரத்தின் வெப்பநிலையை ஆளுகிறது என்பது பூனுவா குழுவின் முக்கிய முடிவு. மரம் நடும் விழாவில் கன்றுகளின் எண்ணிக்கையைச் சொல்வார்கள். அதன் வேருக்கு எங்கிருந்து தண்ணீர் வரும், சுற்றிலும் சிமென்ட் பூசாமல் எத்தனை அடி விட்டார்கள் என்பதைச் சொல்வதில்லை. என் பார்வையில் அந்த இரண்டு கேள்விகளும் எண்ணிக்கையைவிட முக்கியம்.

பூனுவாவின் இலைத்துளைத் தேடல் நகரத்தில் தொடங்கியது அல்ல. 1996இல் பியர்ஸ் செல்லர்ஸ் தலைமையில் வந்த ஓர் ஆய்வில் அவரும் ஒருவர். செல்லர்ஸ் பிற்பாடு விண்வெளி வீரராகி மூன்று முறை விண்வெளிக்குப் போய்வந்தவர். காற்றில் கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் இலை என்ன செய்யும் என்று அவர்கள் கேட்டார்கள். தேவையான வாயு எளிதாகக் கிடைப்பதால் துளையை அகலத் திறக்க வேண்டியதில்லை. திறப்பு குறைந்தால் நீராவியும் குறையும். ஆகவே பசுங்குடில் விளைவால் ஏறும் சூட்டோடு, வெப்பமண்டல நிலப்பரப்புகளில் செடிகளாலும் கொஞ்சம் சூடு கூடும் என்று மாதிரி காட்டியது.

2010இல் பூனுவா அதற்கு மறுபக்கத்தைச் சேர்த்தார். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடும் செடி, மிச்சத்தைக் கொண்டு கூடுதல் இலைகளை வளர்த்தால்? ஒவ்வோர் இலையும் குறைவாக வெளியேற்றினாலும் இலைகள் பெருகுவதால் குளிர்ச்சி திரும்புகிறது: உலகச் சராசரியில் 0.3 டிகிரி, நிலப்பரப்பில் 0.6 டிகிரி. இது இல்லாவிட்டால் அதே மாதிரியில் வெப்பம் 1.94 டிகிரி ஏறுகிறது. வெப்பமயமாதலின் போக்கை மாற்ற இந்தக் குளிர்ச்சி போதாது என்பதை அவரே அழுத்திச் சொன்னார். அந்தச் சிறு தள்ளுபடி கிடைக்கவும் இலைகள் பெருக மண்ணும் சத்தும் தண்ணீரும் வேண்டும். தார் போட்ட நிலத்தில் அந்த மூன்றும் கிடையாது.