மதிய மாத்திரைகள் ஏன் மிஞ்சுகின்றன?

நீண்டகால நோய்களுக்கு மருந்து வாங்க வருபவர்களிடம், அடுத்த முறை வரும்போது வீட்டில் மீந்திருக்கும் மாத்திரை அட்டைகளையும் எடுத்து வாருங்கள் என்று கேட்டுக்கொள்வது மருந்தாளுநராகிய என் நெடுநாள் வழக்கம். அவற்றை மேசையில் பரப்பி எண்ணினால் பெரும்பாலும் ஒரே காட்சிதான்: காலை மாத்திரைகள் தீர்ந்திருக்கும், இரவு மாத்திரைகளில் நாலைந்து மிஞ்சியிருக்கும், மதிய வேளைக்குரியவை பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். வெறும் மறதிதான் காரணம் என்றால் மூன்று வேளையும் ஏறக்குறைய ஒரே அளவில் அல்லவா மிஞ்ச வேண்டும்? “ஏன் சாப்பிடவில்லை?” என்று கேட்டால் தலைகுனிவைத் தவிர வேறு பதில் வராது. “மதியம் எங்கே இருப்பீர்கள்?” என்று கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். ஒருவர் அந்நேரம் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். இன்னொருவர் வேலையிடத்தில் இருப்பார், மாத்திரை வீட்டு அலமாரியில் இருக்கும். வேறொருவருக்கோ, தமக்கு வலிப்பு நோய் இருப்பது உடன் வேலை செய்பவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது.

வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகாலச் சிகிச்சையைக் கடைப்பிடிக்கும் அளவு சராசரியாக 50 விழுக்காடுதான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டின் அறிக்கையில் குறிப்பிட்டது. அதற்கு இரண்டாண்டு முன்னர், மருந்துக் குப்பி திறக்கப்படும் நேரத்தைத் தானே குறித்துக்கொள்ளும் மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்திய 76 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வெளியானது. அதன்படி, எழுதிக்கொடுத்த மருந்தை உட்கொண்ட அளவு நாளுக்கு ஒரு வேளை என்றால் 79 விழுக்காடு, இரண்டு வேளை என்றால் 69, மூன்று என்றால் 65, நான்கு என்றால் 51. இதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு: ஒரு வேளைக்கும் இரண்டு வேளைக்கும் இடையிலான வேறுபாடு புள்ளியியல்படி உறுதியாகவில்லை, ஒன்றுக்கும் மூன்றுக்கும், ஒன்றுக்கும் நான்குக்கும், இரண்டுக்கும் நான்குக்கும் இடையிலான வேறுபாடுகளே உறுதியானவை. ஆகவே எல்லாவற்றையும் ஒரே வேளையில் அடக்கியே தீர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதில்லை. காலையும் இரவும் மட்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டாலே பாதி வெற்றிதான்.

ஒரு மருந்தை எத்தனை வேளை கொடுக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அது உடலை விட்டு எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதுதான். ரத்த அழுத்தத்திற்கான அம்லோடிபின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆவதால் நாளுக்கு ஒன்று போதும். சர்க்கரை நோய்க்கான மெட்பார்மின் சில மணி நேரத்திலேயே குறைந்துவிடுவதால் சாதாரண வடிவத்தில் இரண்டு அல்லது மூன்று வேளை தேவைப்படுகிறது. அதே மெட்பார்மினை, வயிற்றில் ஊறிக் கூழ்போலாகி மருந்தைச் சிறுகச் சிறுகக் கசியவிடும் பொருளில் கலந்து செய்தால், இரவு உணவோடு ஒரு வேளை எடுத்துக்கொள்ளும் மாத்திரையாகிவிடுகிறது. இதைக் கொடுக்கும்போது நான் இரண்டு செய்திகளைத் தவறாமல் சொல்கிறேன். முதலாவது, மருந்து முழுவதும் வெளியேறிய பின் மிஞ்சும் அந்தக் கூடு சில சமயம் மலத்தில் மாத்திரை போலவே தென்படும். இதை முன்கூட்டியே சொல்லாததால், மருந்து செரிக்காமலே வெளியேறுகிறது என்று நினைத்து ஒரு மாதம் முழுவதும் நிறுத்தி வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டாவது, இவ்வகை மாத்திரைகளைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. நாள் முழுவதற்குமான மருந்து ஒரே மூச்சில் உடலில் இறங்கிவிடும். விழுங்கச் சிரமமாக இருந்தால் வேறு வடிவம் கேளுங்கள், அம்மிக்கல்லைத் தேடாதீர்கள்.

அடுத்த வழி கூட்டு மாத்திரை. காசநோய்க்கு ரிபாம்பிசின், ஐசோனியாசிட், பைராசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கும் ஒரே மாத்திரையில் கிடைக்கின்றன. எச்ஐவி தொற்றுக்கு மூன்று மருந்துகளை அடக்கிய, நாளுக்கு ஒன்று மட்டும் போதுமான மாத்திரைக்கு அமெரிக்காவில் 2006இல் ஒப்புதல் கிடைத்தது. பிடி பிடியாக மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மாரடைப்பு வந்து ஆறு மாதத்திற்குள் இருந்த 2,499 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2022இல் வெளியானது. ஆஸ்பிரின், ராமிபிரில், அட்டார்வாஸ்டாட்டின் மூன்றும் சேர்ந்த மாத்திரையை எடுத்தவர்களில் இதயநோய் மரணம், மறு மாரடைப்பு, பக்கவாதம், அவசர அடைப்புநீக்கச் சிகிச்சை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைச் சந்தித்தவர்கள் 9.5 விழுக்காடு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 12.7 விழுக்காடு. மறுபக்கமும் இருக்கிறது. கூட்டு மாத்திரையில் ஒரு மருந்தின் அளவை மட்டும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அதைவிட நான் அஞ்சுவது, புதிய கூட்டு மாத்திரையைத் தொடங்கிய பின்னும் வீட்டிலிருக்கும் பழைய தனி மாத்திரைகளை வீணாக்க மனமில்லாமல் சேர்த்தே விழுங்குவதைத்தான். மாற்றிய அன்றே பழைய அட்டைகளைத் தனியே கட்டி ஒப்படைத்துவிடச் சொல்கிறேன்.

எலும்பு மெலிவுக்கான அலென்ட்ரோனேட் மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இந்தச் சடங்கைத் தினமும் 10 மில்லிகிராமுக்குச் செய்வதற்குப் பதிலாக, வாரம் ஒருமுறை 70 மில்லிகிராமுக்குச் செய்தால் போதும் என்றானது உண்மையான நிம்மதி. ஆனால் வாரம் ஒருமுறை என்ற அதே வசதிதான் மூட்டுவாதத்திற்கான மெத்தோட்ரெக்சேட்டில் ஆபத்தாகிறது. தவறுதலாக அதைத் தினமும் எடுத்துக்கொண்டால் எலும்பு மஜ்ஜை செயலிழந்து உயிரே போகக்கூடும். எந்தக் கிழமை என்பதைப் பெட்டியின் மேல் எழுதி, அந்தக் கிழமையை அவர் வாயாலேயே சொல்லக் கேட்காமல் நான் அந்த மருந்தைக் கொடுப்பதில்லை.

வேளையைக் குறைப்பதோ மாற்றுவதோ நோயாளி தாமாகச் செய்துகொள்ளும் வேலை அல்ல என்பதற்கு மதிய மாத்திரையே சான்று. நெஞ்சுவலிக்கான ஐசோசார்பைடு மோனோநைட்ரேட்டின் சாதாரண வடிவத்தைக் காலையில் ஒன்றும் ஏழு மணி நேரம் கழித்து ஒன்றும் என்று எழுதுவது கைத்தவறு அல்ல. இரவு முழுவதும் உடலுக்கு அந்த மருந்திலிருந்து ஓய்வு கிடைக்காவிட்டால் அதன் பலன் மங்கிவிடும். சிறுநீரை அதிகம் வெளியேற்றும் நீர்ப்பெருக்கி மாத்திரையின் இரண்டாம் வேளையை இரவுக்குத் தள்ளினால் தூக்கம் போய்விடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளில் சில நாளுக்கு ஒரு வேளை, சில இரு வேளை. ஒரு வேளை மருந்தை ஒருமுறை தவறவிட்டால் பாதுகாப்பில்லாத நேரம் நீளும் என்பதால், வசதியானதே சிறந்தது என்று இங்கே கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

மாறாக, நேரம் பற்றி நாம் வீணாகக் கெடுபிடி செய்யும் இடங்களும் உண்டு. ரத்த அழுத்த மாத்திரையைக் காலையில் எடுப்பதா மாலையில் எடுப்பதா என்று 21,000க்கும் மேற்பட்டவர்களிடம் பிரிட்டனில் ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட முடிவு, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றைப் பொறுத்தவரை வேறுபாடில்லை என்பதே. அப்படியானால், பல் துலக்கும்போதோ படுக்கப் போகும்போதோ, எது அவருடைய நாளில் தவறாமல் நடக்கிறதோ அதோடு சேர்த்துவிடலாம். வார மாத்திரைப் பெட்டியும் நல்ல துணைதான், எல்லா மருந்துக்கும் அல்ல. ரத்தம் உறையாமல் தடுக்கும் டாபிகாட்ரான் போன்றவை ஈரம் பட்டால் கெடும் என்பதால் அவற்றின் சொந்த உறையிலேயே இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது, விட்டுப்போன வேளைகளை மருத்துவரிடம் மறைக்காதிருப்பது. மாத்திரை உள்ளே போகவில்லை என்று தெரியாத மருத்துவர், அழுத்தம் குறையவில்லையே என்று அளவைக் கூட்டுவார், இன்னொரு மருந்தையும் சேர்ப்பார். பிறகு வேறு ஏதோ காரணத்திற்காக மருத்துவமனையில் சேரும்போது, சீட்டில் உள்ள அனைத்தையும் செவிலியர் வேளை தவறாமல் கொடுக்க, அழுத்தம் தடாலென்று விழுந்து மயக்கம் வரும். அதனால் மீந்த அட்டைகளை எண்ணி முடித்ததும், காலை இத்தனை, மதியம் இத்தனை, இரவு இத்தனை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் அதை முதலில் நீட்டச் சொல்கிறேன்.