வட்டம் சுற்றிய பொறியாளர்

ஓசூர் தொழிற்சாலைகளில் வண்டிக்கு உதிரிபாகம் செய்யும் நம் பிள்ளைகளுக்கு கார் பந்தய வீரர்கள் சென்னாவையும் ஷூமாக்கரையும் தெரியும். என்னைக் கேட்டால் அவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர் மார்க் டோனஹ்யூ. 1959இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் முடித்த அமெரிக்கப் பந்தய ஓட்டுநர். 1972இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை வென்றார். 1975இல் ஆஸ்திரியாவில் டயர் வெடித்து நடந்த விபத்தில் 38 வயதில் போய்விட்டார்.

"வளைவில் வண்டி இழுக்குது" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு நகர்கிற ஆள் இல்லை அவர். எவ்வளவு இழுக்கிறது, ஏன் என்று அளப்பார். அதற்கு அவர் பெரிதும் நம்பியது ஸ்கிட்பேட்: தட்டையான தளத்தில் ஒரு வட்டம், கையில் ஸ்டாப்வாட்ச். 30 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தை 11 வினாடியில் சுற்றினால் வேகம் மணிக்குச் சுமார் 62 கிலோமீட்டர். அப்போது காரை மையம் நோக்கி இழுக்கும் டயர்களின் விசை, கிட்டத்தட்ட காரின் எடைக்கே சமம்!

வேகத்தை இன்னும் கூட்டினால் தரையில் டயரின் பிடி விடும். முன் டயர் முதலில் விட்டால், ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் மூக்கு வெளியே போகும். பின் டயர் விட்டால் பின்பக்கம் சுழன்று வரும். சரி, இதை எப்படிச் சரிசெய்வது?

வளைவில் உள்பக்கச் சக்கரத்தின் சுமை வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறுகிறது. ஆனால் டயருக்கு ஒரு விசித்திர குணம்: சுமை இரு மடங்கானாலும் பிடி இரு மடங்காகாது. உள் டயர் இழந்ததை வெளி டயரால் முழுசாக ஈடுகட்ட முடியாது. சக்கரங்களைத் தாங்கும் இடது, வலது சஸ்பென்ஷனை இணைக்கும் ஆன்டி ரோல் பார் என்ற எஃகுக் கம்பி இங்கேதான் உதவுகிறது. முன்கம்பியை விறைப்பாக்கினால் சுமை மாற்றத்தில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்குப் போகும். முன்னால் பிடி குறையும், பின்னால் கூடும். ஆக, பின்பக்கம் சுழலும் காருக்கு முன்கம்பியைத் தடிமனாக்க வேண்டும். கேட்க ஏறுமாறாகத்தான் இருக்கும்.

தருமபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் தொப்பூர் கணவாயிலும் இதே இயற்பியல்தான். டயரின் மொத்தப் பிடிக்கு ஓர் எல்லை உண்டு. பிரேக்கும் திருப்பமும் அதைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் எஞ்சின் இழுத்துப் பிடிக்காது, முழு வேலையும் சூடேறிய பிரேக்கின் தலையில் விழும். அப்புறம் வளைவுக்குள் அழுத்தி மிதித்தால் திரும்புவதற்குப் பிடி மிஞ்சாது. பாரத்தை உயரமாக அடுக்கிய லாரிக்கு நிலைமை இன்னும் மோசம்: டயர் வழுக்கும் முன்பே அது கவிழ்ந்துவிடும்.