'கோவெண்டர்' என்று தேடாதீர்கள்

தென்னாப்பிரிக்காவிலிருந்து இன்னொரு கோரிக்கை: "கொள்ளுத்தாத்தா பெயர் கோவெண்டர், ஊர் மெட்ராஸ். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பிறப்புச் சான்றிதழ் எடுத்துத் தர முடியுமா?" கேட்பவர்மேல் குறையில்லை. முன்னோர் இங்கிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போய் நாலைந்து தலைமுறையாகிவிட்டது, பலருக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆனால் அவருக்கு உதவக் கிளம்பும் இங்குள்ள நண்பர்கள் அந்த இரண்டு சொல்லோடு நேரே எழும்பூருக்கு ஓடுகிறார்களே, அதைத்தான் தயவுசெய்து நிறுத்துங்கள்.

கோவெண்டர் என்பது நம் கவுண்டர். மூட்லி நம் முதலி. நாயுடு, பிள்ளை, படையாச்சி எல்லாமே அங்கே குடும்பப் பெயராக உறைந்துபோன பட்டங்கள். கப்பலேறிய ஆள் முனுசாமி மகன் ராமசாமி, அவ்வளவுதான். பிற்பாடு ஒரு மகன் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எழுதிக் கொடுத்திருப்பார், அடுத்தவர் பட்டத்தை. ஒரே தகப்பன் பிள்ளைகள் இரண்டு குடும்பப் பெயரில் இருப்பது அங்கே சகஜம். அந்தப் பெயரை வைத்து இங்கே எந்தப் பதிவேட்டையும் புரட்ட முடியாது. 'மெட்ராஸ்' என்பதும் பெரும்பாலும் மாகாணம், இல்லாவிட்டால் கப்பலேறிய துறைமுகம். அன்றைக்கு விசாகப்பட்டினத்துக்காரரும் மெட்ராஸ்தான், மலபார்க்காரரும் மெட்ராஸ்தான். பிறப்புச் சான்றிதழையும் மறந்துவிடுங்கள். அந்தக் காலத்துக் கிராமத்துக் கூலியாளுக்கு அப்படி ஒன்று கிடைக்காது.

தேட வேண்டியது ஓர் எண். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்ததிலிருந்து 1911 வரை நேட்டாலுக்கு (தென்னாப்பிரிக்காவில் டர்பன் இருக்கும் பகுதி) போன சுமார் 1,52,000 ஒப்பந்தக் கூலிகளுக்கும் ஆளுக்கொரு காலனி எண் கொடுத்தார்கள். அது அவரோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டே வரும். குடும்பத்தின் பழைய திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, இறப்புக்குப் பிந்தைய சொத்துக் கோப்பு என்று அங்கே இருக்கும் காகிதங்களில் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். எண் கிடைத்தால் கப்பல் பட்டியலில் அந்த வரியை எடுத்துவிடலாம். மூலம் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கணினிப் பிரதி குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் வழியே கிடைக்கும்.

அந்த ஒரு வரியில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், அங்க அடையாளம் எல்லாம் இருக்கும். "இடது கன்னத்தில் தழும்பு" என்பதுவரை. சாதிக் கட்டத்தை மட்டும் முழுக்க நம்பாதீர்கள். வரியோடு நிறுத்தவும் வேண்டாம். மேலே பத்து எண், கீழே பத்து எண் பாருங்கள். குடும்பமாகப் போனவர்களுக்கு அடுத்தடுத்த எண்தான். ஒரே ஊர்க்காரர்களும் சேர்ந்தே போயிருப்பார்கள். உங்கள் வரியில் கிராமத்தின் பெயர் சிதைந்திருந்தால் பக்கத்து வரியில் தெளிவாக இருக்கலாம்.

கிராமப் பெயரைக் கண்ணால் படிக்காதீர்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதியது அது. ழகரம் எதுவாகவும் மாறியிருக்கும். புதூர், புதுப்பாளையம் எல்லாம் தாலுகாவுக்கு நாலு இருக்கும் என்பதால் தாலுகா தெரியாமல் கிராமத்தை முடிவு செய்யவே கூடாது. ஜில்லாவும் அன்றைய ஜில்லா. வட ஆற்காடு என்றால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கம் மட்டுமல்ல. 1911-க்கு முன் சித்தூரும் அதில்தான். சேலம் என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல்லையும் சேர்த்துப் பாருங்கள்.

இவ்வளவும் கையில் வந்தபிறகு இங்கே வாருங்கள். ஆவணக் காப்பகத்தில் அந்த தாலுகாவின் நிலவரித்திட்டப் பதிவேடுகளைப் பார்க்கலாம். ஆனால் அவை பட்டாதாரர் பெயரைச் சொல்பவை. நிலமில்லாதவர் அதில் இருக்க மாட்டார். அவர்களுக்குக் குலதெய்வம்தான் வழி. அங்குள்ள வீட்டுப் பூசையில் இன்னும் சொல்லும் சாமி பெயரைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் கிராமத்தில் அதே சாமியைக் கும்பிடும் வகையறாவின் பெரியவர்களைப் போய்ப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் 140 வருடத்துப் பெயரைக் கேட்டு அவரைத் திண்டாட வைக்காதீர்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பட்டியலில் உள்ள எழுத்தை 'திருத்தி' அனுப்பாதீர்கள். வரியின் படத்தை அப்படியே அனுப்புங்கள். உங்கள் யூகத்தைத் தனியாக எழுதுங்கள்.